மந்திரவாதியாவது காரணம் சொல்வார்

ஆயுத பூஜை அன்று சேலத்தில் எந்த ஆபீஸுக்குள் போனாலும் மானிட்டருக்குச் சந்தனம், கீபோர்டுக்குக் குங்குமம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, எங்கள் வீட்டு மோடத்துக்கும் பொட்டு உண்டு. ஆனால் மிஷின் மக்கர் பண்ணும்போது "நமக்கு ராசி இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவது மட்டும் எனக்கு ஒப்பவில்லை.

மந்திரவாதியிடம் போனால்கூட ஒரு காரணம் கிடைக்கும். பங்காளி வைத்த செய்வினை, வாசலில் புதைத்த தகடு, அப்புறம் அதற்கொரு பரிகாரம். மிஷின் சொல்வதோ "பிழை, மீண்டும் முயலவும்", அவ்வளவுதான்.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது சிக்னல் வரும், போகும். பழியெல்லாம் பனிமூட்டத்தின் மேல். செல்போன் அலைகளைப் பனி பெரிதாகத் தடுப்பதில்லை. வளைவு திரும்பியதும் டவருக்கும் போனுக்கும் நடுவில் மலை வந்துவிடுகிறது.

வேல்ஸ் நாட்டில் அபர்ஹோசன் என்று ஒரு கிராமம். சுமார் 18 மாதங்களாகத் தினமும் காலை 7 மணிக்கு ஊர் முழுக்க இன்டர்நெட் படுத்துவிடும். கேபிளை மாற்றியும் தீரவில்லை. நம் ஊராக இருந்தால் எலுமிச்சம்பழம் கட்டியிருப்போம். கடைசியில் இன்ஜினியர்கள் விடியற்காலையில், மழையில், அலைகளை அளக்கும் கருவியோடு தெருத்தெருவாக நடந்தார்கள். ஒரு வீட்டில் 7 மணிக்குப் போடும் பழைய டிவிதான் காரணம். அதிலிருந்து கிளம்பிய மின் இரைச்சல் ஊர் லைனையே கெடுத்திருக்கிறது. 2020இல் செய்தியாக வந்தது இது. அந்த நடைக்கு நான் தலைவணங்குகிறேன். பேய் வேலை போலத் தெரிந்த ஒன்றுக்கு, காரணம் கிடைக்கும்வரை விடாமல் தேடியிருக்கிறார்கள்.

இதை நான் இவ்வளவு தூரம் இழுப்பது, கவுன்டரில் விரல் ரேகை வைத்து ஆளைச் சரிபார்க்கும் மிஷினுக்காகத்தான். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளில் வருடக்கணக்காக அரமும் ஆசிடும் பழகிய விரல்கள் இருக்கின்றன. ஏற்காடு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக் காய்ப்பு ஏறிய விரல்கள் இருக்கின்றன. மிஷின் பார்ப்பது தோலின் மேடு பள்ளத்தை. உழைப்பில் அது தேய்ந்தால் மிஷினுக்கு ஆளைத் தெரியாது. மார்கழிக் குளிரில் தோல் வறண்டாலும் கண்ணாடியில் சரியாகப் பதியாது. அதனால்தான் வயதானவர்கள் விரலைத் தலைமுடியில் தேய்த்துவிட்டு வைக்கிறார்கள். பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும். அந்தத் துளி எண்ணெய்ப் பசையில் ரேகை கொஞ்சம் தெளிவாக விழுகிறது. யாரும் சொல்லித்தராமல் அவர்களே கண்டுபிடித்த வைத்தியம் இது.

ஆனால் கவுன்டரில் அவர்கள் கேட்கும் பதில் என்ன? "உன் கை சரியில்லம்மா, நாளைக்கு வா." ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவரிடம், குற்றம் அவர் கையில் என்று சொல்லி அனுப்புகிறோம். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். கை சரியாகத்தான் இருக்கிறது, அந்தக் கையை எதிர்பார்க்காமல் மிஷினைச் செய்தது யார் தப்பு?

திரையில் இரண்டு வரி தமிழில் வந்தால் போதும். ரேகை தெளிவில்லையா, சர்வர் பதில் தரவில்லையா, இரண்டில் எது என்று சொல்லட்டும். ரேகைதான் சிக்கல் என்றால் கருவிழியைப் பார்க்கலாம், போனுக்கு ஓடிபி அனுப்பலாம். இரண்டும் முடியாவிட்டால் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்றைக்கே வேலையை முடித்து அனுப்புங்கள். இந்த மாதிரி மிஷினுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு நாள் காலையில் அந்த வரிசைப் பக்கத்தில் வந்து நின்று பாருங்கள்.