புது மருந்துக்கு யார் காசு போடுவது?

மருந்துக்கு அடங்காத கிருமிகளை ஒழிக்கும் ஆராய்ச்சிக்கு நம் மலேசிய அரசாங்கம் நேரடியாகக் காசு ஒதுக்க வேண்டும். சுங்கை சிப்புட்டில் இருப்பவனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இங்கே வீட்டுக்கு வீடு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. காலில் உணர்ச்சி மரத்துப்போனவர்களுக்குச் செம்பனை முள் குத்தினால்கூடத் தெரிவதில்லை. என் பெரியப்பா சீழ் பிடித்து நாற்றம் வந்த பிறகுதான் சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் சீழை எடுத்து, கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் செய்தார்கள். ரிசல்ட் தாளில் வரிசையாக மருந்துப் பெயர்கள், பக்கத்தில் ஆர், ஆர், ஆர் என்று இறங்கிக்கொண்டே போனது. அந்த மருந்துகள் எதுவும் கேட்காதாம். கடைசியில் இரண்டுக்கு மட்டும் எஸ், அதாவது கேட்கும். அந்த இரண்டின்மேல் பேனாவை வைத்து, "இதுவும் கேட்கலன்னா காலை எடுக்கணும்" என்றார் டாக்டர். நல்லவேளை, கேட்டது.

எல்லாருக்கும் அப்படிக் கேட்பதில்லை. 2019இல் மட்டும் இத்தகைய கிருமிகளால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்க ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

அப்புறம் ஏன் புது மருந்து வரமாட்டேன் என்கிறது? பிரஷர் மாத்திரையை ஆயுள் முழுக்க வாங்குவோம். புது ஆன்டிபயாட்டிக்கையோ, கிருமி அதற்கும் பழகிவிடக்கூடாது என்று டாக்டர்கள் பத்திரப்படுத்தி வைப்பார்கள். அதுதான் சரியும்கூட. ஆனால் விற்காத மருந்தை எந்தக் கம்பெனி செய்யும்? அமெரிக்காவின் அக்கேயோஜென் கம்பெனி கொண்டுவந்த பிளாசோமைசின் என்ற புது ஆன்டிபயாட்டிக்குக்கு 2018இல் அனுமதி கிடைத்தது. மறு வருஷமே கம்பெனி திவால். பிரிட்டன் 2022இல் ஒரு வழி கண்டது: இரண்டு மருந்துகளுக்கு, எவ்வளவு பயன்பட்டாலும் சரி, வருஷத்துக்கு இவ்வளவு என்று கம்பெனிக்குக் கட்டணம். நியாயமான ஏற்பாடு அது.

இன்னொரு வழி பேஜ், அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ். ஜார்ஜியாவின் திபிலிசியில் 1923இலிருந்தே இதற்கென்று ஒரு ஆய்வுக்கூடம் இருக்கிறது. 2016இல் சான் டியேகோவில் டாம் பேட்டர்சன் என்ற பேராசிரியர் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியால் கோமாவில் கிடந்தார். சாக்கடை நீர் போன்ற இடங்களில் தேடிப் பிடித்த பேஜ்களை ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள். இன்னும் பெரிய அளவில் சோதனைகள் நடக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பேஜ் எல்லாக் கிருமியையும் தாக்காது, குறிப்பிட்ட சில வகைகளைத்தான் தாக்கும். நம் ஆஸ்பத்திரிகளில் திரியும் கிருமிக்கு ஏற்றதை நம் மண்ணிலும் சாக்கடையிலும் நம் ஆட்களே தேடிச் சேர்த்து வைக்க வேண்டும்.

இதை அடுத்த பட்ஜெட்டுக்கு முன் நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லி எங்கள் எம்.பி.க்கு எழுதுகிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், கடிதத்தை அனுப்பிவைக்கிறேன்.