புது ஐடியா வேண்டாம், பழைய மென்பொருள் கோடு ஒன்றைத் திறந்து பாருங்கள்

இறுதியாண்டு புராஜெக்ட் சீசன் வந்துவிட்டது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, புதுசா ஒரு ஐடியா சொல்லுங்க."

நான் சொல்லும் பதில் அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கிறது. பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிற ஓப்பன் சோர்ஸ் (யாரும் கோடைப் படித்துத் திருத்தக்கூடிய) மென்பொருள் ஒன்றை எடு, அதில் தீராமல் கிடக்கிற ஒரு பக்கை, அதாவது பிழையைச் சரிசெய், அதையே புராஜெக்டாகக் காட்டு என்கிறேன். கல்லூரியில் ஒத்துக்கொள்ள மாட்டார்களே என்கிறார்கள். ஒத்துக்கொள்ளுங்கள் என்று துறைத்தலைவர்களைக் கேட்டுத்தான் இந்தப் பதிவு.

இப்போது என்ன நடக்கிறது? அட்டெண்டன்ஸ் ஆப், ஆஸ்பத்திரி மேனேஜ்மென்ட், லைப்ரரி மேனேஜ்மென்ட். வருஷா வருஷம் இதேதான். பாதிப் பேர் புராஜெக்ட் சென்டரில் காசு கட்டி வாங்கிவிடுகிறார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளையின் அம்மா அந்தக் காசுக்குக் கடன் வாங்குகிறார். வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அந்த மென்பொருள் கோடை ஒருவரும் திறப்பதில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு.

பழைய கோடில் என்ன கற்க முடியும் என்பதற்கு ஒரே ஒரு ஃபைலைக் காட்டுகிறேன். நானும் சில நண்பர்களும் பராமரிக்கிற ஒரு சின்ன மென்பொருள், பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை, இன்று கணினிகளும் போன்களும் பயன்படுத்துகிற யூனிகோடு முறைக்கு மாற்றும். அந்தக் காலக் கோப்புகளில் கொம்பு எழுத்துக்கு முன்னால் இருக்கும். யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் சேமிக்க வேண்டும். அது சுலபம். தலைவலி ஔகாரத்தில்தான். 'கௌரி' என்பதை நிறைய பேர் கொம்பு, க, ள என்று தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் தேடினால் கிடைக்காது. சரி, கொம்புக்குப் பிறகு ள வந்தால் ஔகாரமாக்கு என்று விதி எழுதலாமா? எழுதினால் 'வெள்ளி' உடையும், காசிமேட்டுக் 'கெளுத்தி' உடையும். அப்புறம், ளகரத்தின் மேல் புள்ளியோ வேறு குறியோ இருந்தால் தொடாதே என்று இன்னொரு விதி. அப்படியும் 'கெளம்பு' மாட்டிக்கொள்ளும், 'வெளக்கு' மாட்டிக்கொள்ளும். நம்ம ஏரியா பேச்சில் எழுதிய கதையை உள்ளே போட்டால் 'கௌம்பு' என்று வெளியே வரும்.

அதனால்தான் அந்த ஃபைலில், ஔகாரமாக மாற்றக்கூடாத சொற்களின் நீளமான பட்டியல் ஒன்று இருக்கிறது. பார்க்க லட்சணமாக இருக்காது. புதிதாக வருகிற எவரும் முதலில் அதைத் தூக்கிவிட்டு இரண்டு வரியில் முடிக்கப் பார்ப்பார். தூக்கினால், கோடு சரியாக வேலை செய்கிறதா என்று தானாகச் சோதிக்கிற டெஸ்ட் தோற்றுச் சிவப்பாகும். எந்தச் சொல் யார் சொன்ன பிழைக்காகச் சேர்ந்தது என்று, ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதி வைக்கிற கமிட் குறிப்பில் இருக்கும். சமீபத்தில் ஒரு மாணவி, பட்டியலில் 'கெளறு' விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்துச் சேர்த்து, அதற்கு ஒரு டெஸ்டும் எழுதினார். சில வரி மாற்றம்தான். ஆனால் அந்தச் சில வரிக்காக மொத்தக் கோடையும், அதன் கமிட் வரலாற்றையும் அவர் படிக்க வேண்டியிருந்தது. அந்தப் படிப்பை எந்த அட்டெண்டன்ஸ் ஆப்பும் தராது.

பெரம்பூர்க்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம். 1955இல் தொடங்கிய ஐ.சி.எஃப் தொழிற்சாலை புது ரயில் பெட்டி செய்கிறது. 2018இல் முதல் வந்தே பாரத் அங்கேதான் உருவானது, ஊரே கொண்டாடியது. பக்கத்திலேயே கேரேஜ் ஒர்க்ஸ். ஓடித் தேய்ந்த பெட்டியைப் பிரித்து, சக்கரம், பிரேக் எல்லாம் பார்த்து, அடுத்து எப்போது திரும்பி வரவேண்டும் என்ற தேதியைப் பெட்டியின் முனையில் எழுதி அனுப்புகிறார்கள். அந்த வேலை நின்றால் ரயில் ஓடாது.

மென்பொருளிலும் அப்படிப் பழுதுபார்க்கிற ஆட்களைத்தான் நாம் கண்டுகொள்வதில்லை. எக்ஸ்.இஸட் என்ற, ஃபைல்களைச் சுருக்கும் கருவி, லினக்ஸ் இயங்குதளம் உள்ள ஏறக்குறைய எல்லாக் கணினியிலும் இருக்கிறது. அதைக் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் லாசே காலின். இது சம்பளமில்லாமல் செய்கிற வேலை, மனநலமும் சரியில்லை என்று 2022இல் அவரே சொன்னார். அப்போதும் வேகமாக ரிலீஸ் செய், வேறு ஆளிடம் கொடு என்று நெருக்கினார்கள். உதவ வந்த 'ஜியா டான்' என்ற பெயர்க்காரர் மெல்ல நம்பிக்கை பெற்று, ரிலீஸ் செய்யும் உரிமையும் பெற்று, கடைசியில் உள்ளே ரகசியமாக நுழைய ஒரு கள்ளக்கதவு வைத்தார். 2024 மார்ச் 29 அன்று அது வெளியில் வந்தது. தூரத்திலிருக்கும் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச் லாகின் அரை விநாடி தாமதமாவது ஏன் என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் விடாமல் தோண்டியதால் உலகம் பிழைத்தது. ஒழுங்காகப் படித்துப் பார்க்கிற இன்னும் சில பேர் காலினோடு இருந்திருந்தால் அந்தக் கதவை வைப்பது இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் போனுக்குள் தகவல்களைச் சேமித்து வைக்கிற எஸ்க்யூலைட் என்ற மென்பொருள் 2000இல் வந்தது. அதன் மூலக் கோடைப் போல ஏறக்குறைய 590 மடங்கு டெஸ்ட் கோடு எழுதி வைத்திருக்கிறார்கள், 2050 வரை பராமரிப்போம் என்கிறார்கள். இப்படி யோசிக்கிற ஆட்கள் நம் வகுப்பறையிலிருந்தும் வர வேண்டும்.

ஆனால் எண்ணிக்கைக்கு மார்க் போட்டுவிடாதீர்கள். 2020 அக்டோபரில், ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களிக்க ஊக்குவிக்கிற ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சியின் இலவச டி-ஷர்ட்டுக்காக, ரீட்மீ என்ற அறிமுக ஃபைலில் ஒரு வார்த்தையை மாற்றி மாற்றி அனுப்பிய புல் ரெக்வெஸ்ட்களில் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகளில்) மென்பொருளைப் பராமரிக்கிற மெயின்டெய்னர்கள் மூழ்கிப்போனார்கள். விருப்பம் தெரிவித்த புராஜெக்ட்களை மட்டும் கணக்கில் எடுப்போம் என்று பாதியிலேயே விதியை மாற்ற வேண்டி வந்தது. மாணவர் ஒரு செமஸ்டருக்கு ஒரு புராஜெக்டில் ஒரு மாற்றம் செய்தால் போதும். அது மெர்ஜ் ஆகாவிட்டாலும், அதாவது மூலக் கோடில் சேராவிட்டாலும் பரவாயில்லை. வைவாவில் ஏதோ ஒரு வரியைக் காட்டி, இது ஏன் இங்கே இருக்கிறது, எடுத்தால் என்ன உடையும் என்று கேளுங்கள். படித்தவர் பதில் சொல்வார்.

ஒத்துக்கொள்கிற ஆசிரியர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். தமிழ் தொடர்பான, புதியவர்கள் தொடக்கூடிய இஷ்யூக்களின் (தீர்க்க வேண்டிய பிழைகள், வேலைகளின்) பட்டியல் தருகிறேன். மாணவர்கள் ஞாயிறு காலை பெரம்பூருக்கு வரலாம். லேப்டாப் இல்லாதவர்களும் வாங்க, எங்களிடம் இருப்பதில் உட்காரலாம்.