இரும்புக் கம்பி வித்தையும் எங்கள் பைப் தண்ணியும்

மலையகத்தில் வீடு வீடாக வாட்டர் பில்டர் விற்க வருகிற தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். அந்த இரும்புக் கம்பி வித்தையை தயவுசெய்து நிறுத்துங்கள்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு கிளாஸ் வைப்பார்கள். ஒன்றில் நம் வீட்டுப் பைப் தண்ணி, மற்றதில் அவர்களுடைய மெஷின் தண்ணி. கம்பிகள் பொருத்திய ஒரு சாமானை இரண்டிலும் இறக்கி கரண்ட் கொடுப்பார்கள். நம் கிளாஸ் மஞ்சளாகி, பிறகு கபில நிறமாகி, மேலே திரை திரையாக அழுக்கு மிதக்கும். மெஷின் தண்ணி அப்படியே பளிச்சென்று நிற்கும். "இதைத்தான் அக்கா பிள்ளைகளுக்குக் குடுக்கிறீங்க" என்றதும் அக்கா தவணைக் கடதாசியில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததே இல்லை. கரைந்தது இரும்புக் கம்பி. தண்ணீரில் இயல்பாகவே இருக்கும் தாது உப்புகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன, கம்பி அரித்துத் துருவாக வருகிறது. மெஷின் பெரும்பாலான உப்பை எடுத்துவிடுவதால் அந்தக் கிளாஸில் கரண்ட் சரியாக ஓடுவதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த தம்பியிடம், "உங்க தண்ணியில ஒரு சிட்டிகை உப்புப் போட்டுச் செய்ங்க பார்ப்போம்" என்றேன். "வேணாம் அண்ணே, மெஷின் பழுதாகிரும்" என்றார். இன்னொரு வேடிக்கை, நம் மலைத் தண்ணியில் உப்பு குறைவு. நிறம் மாற நேரமெடுத்ததில் அவருக்கே பொறுமை போய்விட்டது.

அடுத்து டி.டி.எஸ். மீட்டர். அது காட்டுவதும் கரைந்திருக்கும் உப்பின் அளவைத்தான். அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் கேத்தலைத் திறந்து பாருங்கள், உள்ளே வெள்ளைப் படை கட்டியிருக்கும். நம் கேத்தலில் அது கிடையாது. வரண்ட வலயத்து நிலத்தடி நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும் அங்குள்ள சிறுநீரக நோய்க்குக் காரணமா என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அந்த ஊர்களுக்கு இந்த மெஷின் தேவைதான். அங்கிருக்கும் பயத்தை மூட்டைகட்டி இங்கே கொண்டுவந்து விற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நம் வியாதி வேறு. வயிற்றோட்டம், வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி. இவை மனித மலத்திலிருந்து தண்ணிக்குள் வருகிறவை. ஒரு வாளி நல்ல தண்ணியில் ஒரு கரண்டி கக்கூஸ் தண்ணியைக் கலந்தாலும் அந்த மீட்டரின் இலக்கம் பெரிதாக அசையாது. இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 614 குடிநீரின் 100 மில்லிலீட்டரில் மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது. அதை ஆய்வுகூடத்தில்தான் பார்க்க முடியும். மெஷின் கிருமியையும் தடுக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் பில்டர்களை ஒழுங்காக மாற்ற வேண்டும், அதற்கும் காசு. ஒரு போத்தல் நல்ல தண்ணி எடுக்க அதைவிடக் கூடுதலான தண்ணியைக் கழிவுக் கானுக்கும் விடும். பைப்பில் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் தண்ணி வருகிற ஊரில் அதுவும் ஒரு கொடுமை.

எங்கள் டவுன் பேரைப் போடவில்லை, போட்டால் யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்துவிடும். தண்ணி மேலே தேயிலை மலைக்குள் இருக்கும் ஊற்றிலிருந்து வருகிறது. பிடிக்கும் இடத்தில் ஒரு கம்பி வலை. பிறகு தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களையும் அவற்றின் கக்கூஸ் குழிகளையும், கோழிப் பசளை போட்ட மரக்கறித் தோட்டத்தையும் தாண்டி பைப் இறங்குகிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். மெயின் பைப் கானுக்குள்ளேயே கிடக்கிறது. மூட்டில் சைக்கிள் டியூப் சுற்றி, அதற்கு மேல் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். தண்ணி வரும்போது அதில் பீய்ச்சி அடிக்கும், எல்லோரும் வீணாகிறதே என்று கவலைப்படுவோம். எனக்குக் கவலை தண்ணியை நிறுத்திய பிறகு நடப்பதில்தான். பைப் வெறுமையாகும்போது அதே ஓட்டை கான் தண்ணியை உள்ளே இழுக்கும். மறுநாள் காலை முதல் வாளியில் வருவது அதுதான்.

இதற்குத்தான் குளோரின். கடைசி வீட்டு டேப்பிலும் லீட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருந்தால் வழியில் புகுந்த கிருமியையும் ஓரளவு கொல்லும். இங்கே டி.சி.எல். என்கிற குளோரின் பவுடரைக் கையால் அள்ளிக் குத்துமதிப்பாகப் போடுகிறார்கள். மூடாமல் வைத்தால் இந்த மூடுபனி ஈரத்தில் அதன் வீரியம் போய்விடும். மழை நாளில் கலங்கி வரும் தண்ணியில் சேறே குளோரினைத் தின்றுவிடும். ஆக, எப்போது அது கட்டாயம் தேவையோ அப்போதுதான் அது இல்லை.

மிச்சக் குளோரின் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. குழாய்த் தண்ணியில் அதற்கான மாத்திரையைப் போட்டு, வரும் ரோஸ் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் சில நிமிடத்தில் முடிந்தது. பி.எச்.ஐ. மாருக்கு, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கு, தெரிந்த வேலை. அந்த இலக்கத்தை வாராவாரம் பஸ் ஸ்டாண்ட் அறிவித்தல் பலகையில் ஒட்டச் சொல்லிக் கேட்டோம். "சனம் பயந்திரும்" என்று பதில் வந்தது. பயப்படாத சனமா தவணைக்கு மெஷின் வாங்குகிறது?

முன்பு பிரதேச சபைக்கு ஒரு சாட்டு இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபை செலவழிக்கத் தடையாக இருந்தது. ஊற்று தோட்டத்தில், டேப் டவுனில், பொறுப்பு நடுவழியில். 2018இல் அந்தப் பிரிவைத் திருத்திவிட்டார்கள். இப்போது என்ன தடை? காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களைத் தாண்டிப் போகும் ஆறுகள் சேர்ந்துதான் களனி கங்கை. அந்தத் தண்ணியை அம்பத்தளையில் சுத்திகரித்துக் கொழும்புக்குக் கொடுக்கிறார்கள். மேலே இருக்கிற எங்களுக்கு கம்பி வலை.

"பீலித் தண்ணி குடிச்சு வளர்ந்த உடம்பு தம்பி இது" என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். வளர்ந்தவர்கள்தானே ஐயா அதைச் சொல்ல மிஞ்சியிருக்கிறீர்கள். அந்தக் காலத்துத் தோட்டங்களில் எத்தனை கைக்குழந்தைகளைப் புதைத்தோம் என்று உங்கள் வீட்டு அம்மாயியைக் கேளுங்கள்.

அதுவரைக்கும் கொதிக்க வைத்துக் குடியுங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணி ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும், கிருமி சாக அது போதும். தளதளவென்று கொதித்தால் இறக்கலாம், காஸை வீணாக்க வேண்டாம். ஆறிய தண்ணியில் கையோடு செம்பை முக்காமல் ஊற்றி எடுங்கள்.

சபைக்குக் கொடுக்கக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கேட்பது இரண்டே விஷயம்: வாராந்தக் குளோரின் இலக்கம் பலகையில் ஏற வேண்டும், கானுக்குள் கிடக்கும் பைப் வெளியே வர வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்பாக்ஸுக்கு வாங்க. பைப் லைனின் கடைசியில் இருக்கிற வீட்டுக்காரர்கள் முதலில் வாங்க, குளோரின் வந்து சேராதது உங்கள் டேப்புக்குத்தான்.