காப்புறுதி எடுக்க முதல் ஈ.ரி.எப். படிவத்தை எடுத்துப் பாருங்கள்

திருகோணமலையில் பத்துப் பதினைந்து பேரை வைத்து கடை, பட்டறை, கராஜ், சின்ன ஹோட்டல் நடத்துகிற முதலாளிமாருக்காக இதை எழுதுகிறேன். அவர்களிடம் வேலை செய்கிறவர்களும் வாசிக்க வேண்டும்.

ஊழியர்களுக்குக் குழு வைத்தியக் காப்புறுதி எடுத்துக் கொடுப்பது நல்ல காரியம், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் ஆளுக்கு இத்தனை லட்சம் என்று முகவர் நீட்டுகிற தாளில் கையெழுத்து வைப்பதற்கு முதல், சட்டப்படி ஏற்கெனவே கட்டவேண்டிய காசு ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு, அதாவது ஈ.ரி.எப்.புக்கு, சம்பளத்தில் 3 வீதம். அது முழுக்க முதலாளியின் கணக்கு. ஊழியரின் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டக் கூடாது. ஈ.ரி.எப். என்றால் வேலையை விட்டபின் எடுக்கிற காசு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்ணுக்கு வில்லை பொருத்துவது, ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுவது ஆகியவற்றுக்கும் உதவி கிடைக்கும். நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனால் ஊழியருக்கும், மரணம் நேர்ந்தால் குடும்பத்துக்கும் கொடுப்பனவு உண்டு. இதற்கென்று தனித் தவணை கிடையாது, அந்த 3 வீதத்துக்குள் எல்லாம் அடக்கம்.

பிழை வருகிற இடம் படிவம். பதினைந்து பேருக்குக் குறைவான இடங்கள் மாதாமாதம் ஆர்-4 படிவத்தில் ஒவ்வொருவரின் பெயரையும் தொகையையும் எழுதிக் கட்டுகின்றன. பதினைந்தோ அதற்கு மேலோ என்றால் ஆர்-1 இல் மொத்தமாகக் கட்டிவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை யார் யாருக்கு எவ்வளவு என்று இரண்டாம் படிவம் அனுப்ப வேண்டும். இந்த அரையாண்டுப் படிவம்தான் விட்டுப்போகிறது. காசு போயிருக்கும், பற்றுச்சீட்டும் கையில் இருக்கும், ஆனால் ஊழியரின் பெயரில் எதுவும் ஏறியிருக்காது. ஒப்பரேஷனுக்கு உதவி கேட்டு விண்ணப்பிக்கிற நாளில்தான் அது தெரியவரும். கணக்குப் பார்க்கிறவர் நின்றுவிட்டார், புதியவருக்குத் தெரியாது என்பதெல்லாம் அன்றைக்கு உதவாது. ஆட்கள் பதினான்கில் இருந்து பதினைந்தாகிற மாதத்தை முதலாளி தானே கவனிக்க வேண்டும்.

கராஜ், வெல்டிங், மரவேலை, கட்டட வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. வேலைத்தலத்தில் காயம் பட்டால் நட்டஈடு கொடுக்கிற பொறுப்பு 1934 ஆம் ஆண்டு 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி முதலாளியுடையது. வைத்தியக் காப்புறுதி ஆஸ்பத்திரிப் பில்லைக் கட்டும், போன விரலுக்குக் கட்டாது. அதற்குத் தனிப் பொலிசி இருக்கிறது, கேட்டு எடுங்கள்.

இனி குழுக் காப்புறுதி. அட்டையில் மூன்று லட்சம் என்று இருக்கும். உள்ளே அறை வாடகைக்கு நாளுக்கு இவ்வளவு, சத்திரசிகிச்சை நிபுணருக்கு இவ்வளவு, பிரசவத்துக்கு இவ்வளவு என்று உள் எல்லைகள் இருக்கும். மொத்தத்தைப் பார்த்து வாங்குகிறவர் ஏமாறுவது இந்த உள் எல்லைகளில்தான். திருகோணமலைக்காரருக்கு முக்கியமான கேள்விகள் வேறு. பொலிசியின் ஆஸ்பத்திரிப் பட்டியலில் இந்த ஊரில் ஒன்றாவது இருக்கிறதா? இல்லையென்றால் கையில் இருந்து கட்டிவிட்டுப் பிறகு கிளெய்ம் பண்ண வேண்டிவரும். மாதம் நாற்பதாயிரம் எடுக்கிறவர் ஒன்றரை லட்சம் எங்கே பிரட்டுவார்? கொழும்புக்கோ கண்டிக்கோ அம்புலன்சில் மாற்றினால் அந்தச் செலவு சேருமா? வெளியில் எடுத்த ஸ்கான், இரத்தப் பரிசோதனை, வெளியில் எழுதிக் கொடுத்த மருந்து சேருமா?

என் எண்ணத்தில் இங்கே அதிகம் பயன்படக்கூடியது, அரச ஆஸ்பத்திரியில் தங்குகிற ஒவ்வோர் இரவுக்கும் ரொக்கமாகத் தருகிற கொடுப்பனவு. நம்முடைய ஆட்களில் அநேகம் பேர் போகிறது திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கோ, கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளுக்கோதான். சிகிச்சை இலவசம், ஆனால் வேலைக்குப் போகாத நாட்கள், கூட நிற்கிறவரின் சாப்பாடு, ஓட்டோக் காசு எல்லாம் குடும்பத்தின் தலையில். அந்த ரொக்கம் அதற்கு. பொலிசியில் இது இருந்தும் கேட்காமல் விடுகிறவர்கள் ஏராளம்.

கேட்பதற்கு வேண்டியது நோய் நிர்ணய அட்டை. துண்டு வெட்டுகிற நேரத்தில், வோட்டை விட்டு வெளிக்கிட முதல், அதை வாங்கி அங்கேயே வாசித்துப் பாருங்கள். அனுமதித்த திகதி, வெளியேறிய திகதி, நோயின் பெயர், டொக்டரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். பெயரைக் கட்டாயம் பாருங்கள். அட்டையில் ஆங்கிலத்தில் அவசரமாக எழுதுகிறார்கள். நம் தமிழ், முஸ்லிம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத நாலு விதம் இருக்கிறது. தகப்பன் பெயர் முன்னால் போகும், முதலெழுத்து மாறும், ஒரு எழுத்துக் கூடும், குறையும். அடையாள அட்டை இலக்கமும் அப்படித்தான்: காப்புறுதிப் பட்டியலில் எழுத்தில் முடிகிற பழைய இலக்கம், ஆஸ்பத்திரியில் கொடுத்தது பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டை. கம்பனிக்காரருக்கு இவர்கள் இரண்டு ஆட்கள். கிளெய்ம் திரும்பி வரும், திருத்தக் கடிதம் எடுக்க மறுபடி வோட்டுக்கு அலைய வேண்டும், அதற்குள் கிளெய்ம் கொடுக்கிற கால எல்லை தாண்டிவிடும். பட்டியல் கொடுக்கும்போதே எல்லாருடைய அடையாள அட்டையையும் கையில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினால் பாதிப் பிரச்சினை இல்லை.

நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்காரருக்குச் சீசன் என்ற தனித் தலையிடி. சித்திரை கழிய ஆட்களைச் சேர்க்கிறார்கள், ஐப்பசியோடு நிறுத்துகிறார்கள். குழுப் பொலிசியில் ஆள் சேர்ந்ததையும் நின்றதையும் எழுத்தில் அறிவிக்க வேண்டும், தவணை நாட்கணக்கில் கூட்டிக் குறைக்கப்படும். அறிவிக்காவிட்டால் புதிய ஆளுக்குக் காப்புறுதி இல்லை, போன ஆளுக்கு நீங்கள் காசு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மாதம் ஒரு மின்னஞ்சல் போதும்.

பெரிய நிறுவனத்துக்கும் சிறிய இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கில் பாருங்கள். ஆளுக்கு வருடம் 15,000 ரூபாய் தவணை என்று வைப்போம். 600 பேர் உள்ள ஆலை கட்டுவது 90 லட்சம். அதில் ஒருவருக்கு 3 லட்சம் போனால் நூற்றுக்கு மூன்றரைகூட வராது. பன்னிரண்டு பேர் உள்ள கடை கட்டுவது 1,80,000. அதே 3 லட்சம் அங்கே நூற்றுக்கு 167. அடுத்த வருடம் தவணை ஏறும், முதலாளி வெறுத்துப்போய் நிறுத்துவார். இரண்டு வருடம் கழித்து வேறு கம்பனியில் எடுத்தால், இடையில் வந்த நீரிழிவும் பிரஷரும் ‘முன்பே இருந்த நோய்’ ஆகிவிடும், கிளெய்ம் பண்ண முடியாத காத்திருப்புக் காலமும் புதிதாகத் தொடங்கும். ஆகவே சின்ன இடங்கள் முதல் வருடமே பெரிய தொகைக்குப் போக வேண்டாம். ஒரு மோசமான வருடம் வந்தாலும் விடாமல் கட்டக்கூடிய தொகையாகப் பாருங்கள். கம்பனி மாறினால், பழைய காலம் தொடர்ச்சியாக எடுக்கப்படும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

பெரிய இடங்களில் என் மனதை உறுத்துவது மேன்பவர் ஆட்கள், அதாவது வேறொரு நிறுவனம் ஒப்பந்தத்தில் தருகிற ஆட்கள். ஒரே கேற், ஒரே இயந்திரம், ஒரே ஷிப்ட். நிரந்தர ஊழியரின் பிள்ளைக்கும் அட்டை இருக்கும், பக்கத்தில் நிற்கிற மேன்பவர் பொடியனுக்கு எதுவும் இருக்காது. ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரத்தில், ஆட்களைத் தருகிற நிறுவனம் ஒவ்வொரு மாதமும் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி), ஈ.ரி.எப். கட்டின பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து காட்டினால்தான் பில் பாஸ் ஆகும் என்று ஒரு வரி சேர்க்கலாம். அந்த ஆட்களுக்கும் ஒரு சிறிய ஆஸ்பத்திரிக் காப்புறுதி வேண்டும் என்று இன்னொரு வரி. அந்த நேரத்தில் கேட்டால் கிடைக்கும்.