"வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்

வீட்டில் பெரியவர்கள் மலச்சிக்கல் என்றால் நம் எல்லோரிடமும் இருப்பது ஒரே பதில்தான்: வயசாச்சு, தண்ணி நிறைய குடிங்க, ராத்திரி ரெண்டு வாழைப்பழம் சாப்பிடுங்க. அதோடு பேச்சு முடிந்துவிடும். எனக்கு ஆதங்கமே அதில்தான். பார்க்கின்சன் என்பது நடுக்கமும் உடல் விறைப்பும் தரும் மூளை நோய். அது வருகிறவர்கள் பலருக்குக் கை நடுங்குவதற்குப் பல வருடங்கள் முன்பே குடல் மந்தமாகிவிடுகிறது.

அமெரிக்காவின் ஹொனலுலுவில் 6,790 ஆண்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்து 2001ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தினமும் ஒருமுறை மலம் கழிக்கிறவர்களைவிட, அதுகூட இல்லாதவர்களுக்குப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு 2.7 மடங்கு. 2003ல் ஜெர்மனியின் மூளை ஆய்வாளர் ஹைகோ பிராக், இந்த நோய் சிலருக்குக் குடல் நரம்புகளில் தொடங்கி வேகஸ் நரம்பு வழியாக மூளைக்கு ஏறலாம் என்றார். எல்லோருக்கும் அப்படித்தான் என்று இன்னும் உறுதியாகவில்லை, ஆனால் குடலை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த நோயைப் பற்றிப் பேச முடியாது என்பது உறுதி.

எங்கள் பெரியப்பாவுக்கு வருடக்கணக்கில் கடுக்காய்ப் பொடியும் இசப்கோலும்தான் துணை. நடுவில், ரசத்தில் வாசனையே இல்லை என்று மருமகளிடம் தினமும் குறை. தூக்கத்தில் கத்துவார், கையை வீசுவார், பெரியம்மா தனியாகப் படுக்க ஆரம்பித்தார். அப்புறம் பேங்கில் கையெழுத்து சின்னதாகிப் பொருந்தவில்லை. மலச்சிக்கல், வாசனை தெரியாதது, தூக்கத்தில் கத்துவது, கையெழுத்து சிறுத்தது, இந்த நாலுமே பார்க்கின்சனின் அறிகுறிகளாக இருக்கலாம். ஆனால் நாலும் நாலு தனிக்கதையாகவே வீட்டில் ஓடின, ஒன்றாகச் சேர்த்து யாரும் எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை.

பயமுறுத்த எழுதவில்லை. மலச்சிக்கல் உள்ள பெரும்பாலானவர்களுக்குப் பார்க்கின்சன் வரப்போவதில்லை. சர்க்கரை, தைராய்டு, இரும்புச்சத்து மாத்திரை என்று காரணங்கள் ஏராளம். புதிதாக வந்து ரத்தமும் எடை குறைவும் சேர்ந்தால் முதலில் குடல் புற்றுநோய் இல்லை என்று பார்த்தாக வேண்டும்.

சரி, நோயை நிறுத்த மருந்தே இல்லையே, முன்கூட்டித் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். உடற்பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கலாம், கீழே விழாமல் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது வேறு. வயிறு உப்புசம், ஏப்பம் என்று போனால் நம் ஊரில் சர்வசாதாரணமாக எழுதித்தரும் கேஸ் மாத்திரைகள் சிலவற்றில் லீவோசல்பிரைடு கலந்திருக்கும். அதுவும் வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும் டோபமைனைத் தடுப்பவை. பார்க்கின்சனில் மூளையில் குறைந்துபோகும் ரசாயனமே அந்த டோபமைன்தான். வயதானவர்களுக்கு நடுக்கத்தையும் விறைப்பையும் அவையே வரவழைக்கும், ஏற்கெனவே பார்க்கின்சன் இருந்தால் அதிகமாக்கும். அப்பா அம்மா மாதக்கணக்கில் போடும் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை இன்றைக்கே படித்துப் பாருங்கள். இந்தப் பெயர்கள் இருந்தால் நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த டாக்டரிடமே இது இன்னும் வேண்டுமா என்று கேளுங்கள்.