9எச் என்றால் கீறலே விழாது என்று அர்த்தமில்லை

"புது கறுப்பு வண்டிக்குப் பாலிஷ் தேவையில்லை, நேராக 9எச் செராமிக் கோட்டிங் போடுங்கள், கீறலே விழாது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், தயவுசெய்து இதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். செராமிக் கோட்டிங் என்பது பெயிண்டின் மேல் பூசும் மெல்லிய பாதுகாப்புப் படலம், அதற்குச் சொல்லும் 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் உச்ச அளவு, அவ்வளவுதான். துணியில் ஒட்டிய மணல் துகள் பென்சில் இல்லையே! கோட்டிங் படலமும் ஓரிரண்டு மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும். அப்புறம், புது வண்டியில் கீறல் இருக்காது என்பதும் தவறு, யார்டில் தூசியோடு நின்றதை டெலிவரிக்கு முன் அவசரமாகத் துடைத்துத்தான் பல இடங்களில் கொடுக்கிறார்கள். என் கறுப்பு வண்டியை எடுத்த அன்று இரவே பானட் மேல் போன் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தேன், வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள். அதன் மேலேயே கோட்டிங் போட்டிருந்தால் அத்தனையும் அடியில் அப்படியே நின்றிருக்கும்.

முதலில் நன்றாகக் கழுவி, கிளே பார் (பெயிண்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி) தேய்த்து, மென்மையான பேடில் ஒரே ஒரு முறை பாலிஷ், பிறகுதான் கோட்டிங். பாலிஷ் தேய்த்தெடுப்பது கிளியர் கோட்டை, அதாவது பெயிண்டின் மேலே இருக்கும் நிறமில்லாத படலத்தை. அது சுமார் 40, 50 மைக்ரான்தான் என்பதால், பெயிண்ட் தடிமனை மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு மெஷினை எடுக்கும் ஆளிடம் மட்டும் கொடுங்கள். கல் தெறிப்புக்குப் பயமா, முன்பக்கத்துக்கு மட்டுமாவது பிபிஎஃப் (பெயிண்டைக் காக்கும் கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் ஃபிலிம்) ஒட்டுங்கள்.