உட்காரச் சொன்னவருக்கு

ஞாயிற்றுக்கிழமை, இலங்கை மலையகத்தின் ஹட்டனில், நம் வரலாறு பேசிய கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்று இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். காணொளி எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. யார், எவர் என்று நான் சொல்லத் தேவையில்லை, சொல்லவும் மாட்டேன். அந்தப் பெரியவர்மீது எனக்கு மரியாதை உண்டு. (இந்த வாக்கியத்தை மூன்று முறை எழுதி இரண்டு முறை அழித்தேன்.)

உயர்தரம் படிக்கும் ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்றாள். 1948 வரைக்கும் அரசாங்கக் கணக்கில் எல்லாத் தமிழரும் ஒன்றாகவே இருந்தோம் என்று மேடையில் சொன்னது சரியில்லை, 1911 குடிசன மதிப்பீட்டிலேயே மலையகத் தோட்டத் தமிழரான நம்மை ‘இந்தியத் தமிழர்’ என்று பிரித்து எண்ணிவிட்டார்கள் என்றாள். அந்த மதிப்பீட்டை நடத்திய அதிகாரி டென்ஹாம் எழுதிய அறிக்கையின் ஒரு பக்கத்தை இணைய ஆவணகத்திலிருந்து எடுத்து அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தாள். மேடையிலிருந்த அந்தப் பெரியவரிடமிருந்து கிடைத்த பதில்: “நெட்டில் எடுத்ததெல்லாம் வரலாறு ஆகாது. உட்காரம்மா.” சபை சிரித்தது. பிள்ளை உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்னது சரி. இரண்டு நாளாக நடக்கும் சண்டையில் ‘மரியாதை’, ‘வயது’, ‘பின்னணியில் யார்’ என்று எல்லாவற்றையும் பேசிவிட்டார்கள், இந்த ஒன்றைத் தவிர. அதே பக்கம் கொழும்பில் தூசி படிந்து கிடந்தால் வரலாறு, பொகவந்தலாவையில் ஒரு லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) கைத்தொலைபேசியில் திறந்தால் நெட்டா?

“மூலத்தைப் போய்ப் பார்க்க வேண்டும்” என்கிறீர்கள். பார்க்க வேண்டியதுதான். எப்படிப் போவது? கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு ஒரு நாள் போக வேண்டும். பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது, தாயும் போக வேண்டும். தாய்க்கு ஒரு நாள் பெயர், அதாவது நாட்கூலி, போகும். பெயர் போனால் என்னவாகும் என்று தோட்டத்தில் பிறந்தவருக்கு நான் விளக்க வேண்டுமா? அரைப்பெயருக்கே அழுத வீடுகள் நம்முடையவை. நம் பிள்ளைகள் நுழையக்கூடிய ஒரே ஆவண அறை அந்தத் தொலைபேசிதான். அந்தக் கதவையும் மூடிவிட்டு, ‘இளைஞருக்கு வரலாற்றில் அக்கறை இல்லை’ என்று அடுத்த மலரில் ஒரு கட்டுரை எழுதுவோம்.

தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் தோட்டங்களுக்குள் நுழையப் புடவை வியாபாரி வேடம் போட்டார் என்று மேடைக்கு மேடை சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். இன்றைக்கு வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரின் பதிவேடுகளுக்குள்ளேயே ஒரு தோட்டத்துப் பிள்ளை வேடம் போடாமல் நுழைகிறாள். அதற்குக் கைதட்டு இல்லை, சிரிப்பு.

“இணையத்தில் பொய் அதிகம்” என்று கீழே யாராவது எழுதுவீர்கள். உண்மைதான். 2023இல், நம் முன்னோர் வந்து இருநூறு ஆண்டானதை நினைவுகூர்ந்த ‘மலையகம் 200’ நேரத்தில் ‘1823இல் நம் முன்னோர் வந்திறங்கிய காட்சி’ என்று ஒரு புகைப்படம் எனக்கே பத்து இடங்களிலிருந்து வந்தது. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். பிறக்காத கேமராவில் படம் பிடித்திருக்கிறார்கள்! அதைப் பகிர்ந்தவர்களில் பலர் தலை நரைத்தவர்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அது பொய் என்று எனக்குக் காட்டியவன் பதினேழு வயதுப் பையன், ஓர் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் மூலப்படத்தையும் அதன் குறிப்பையும் தேடி எடுத்து. இணையத்தில் வந்த பொய்யை இணைய ஆவணகம்தான் பிடித்தது. ஆளுக்கு ஆள் அனுப்பும் படமும் ஆவணகமும் ஒன்றல்ல என்பது கூடத் தெரியாமல் எதற்கு அந்த மேடை?

“எல்லாம் ஆங்கிலம், எல்லாம் வெள்ளைக்காரன் எழுதியது” என்றும் சொல்வீர்கள். எல்லாமும் அல்ல. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ தளத்தில் நம்மவர் நடத்திய சிற்றிதழ்கள், சங்க மலர்கள் எத்தனை கிடக்கின்றன, ஒரு நாள் திறந்து பாருங்கள். ஆனால் இந்தக் கேள்வியில் எனக்கும் வலி உண்டு, மறைக்க மாட்டேன். அந்தக் காலத்துத் தொகுப்புகளில் நம் ஆட்களைத் தேட வேண்டுமானால் ‘தொழிலாளி’ என்று தட்டினால் அதிகம் கிடைக்காது. ‘கூலி’ என்று தட்ட வேண்டும். முதல் தடவை அந்தச் சொல்லை என் விரலால் தட்டியபோது கொஞ்ச நேரம் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

தோட்டங்களைப் பட்டியலிட்ட பழைய பெர்குசன் டைரக்டரியில் எங்கள் தோட்டத்தைக் கண்டுபிடித்தேன். எத்தனை ஏக்கர் தேயிலை, உரிமையாளர் யார், அந்த வருடத்துத் துரை யார், எல்லாம் இருந்தன. தோட்டத்துக்கு ஸ்கொட்லாந்துப் பெயர். எங்கள் வாயில் அந்தத் தோட்டத்துக்கு ஒரு நாளும் அந்தப் பெயர் இருந்ததில்லை. அப்பாயியின் தாய், தோட்டத்துக்கு ஆள் கொண்டுவரும்போது கொடுத்த தகரத் துண்டோடு வந்தவர், துண்டில் தோட்டத்துக்கு ஓர் இலக்கம், ஆளுக்கு ஓர் இலக்கம். ‘பெயர்’ என்றாலே நாட்கூலி என்று ஆன இடத்தில், அவருடைய பெயரை நான் எந்தப் பக்கத்தில் தேடுவது? பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கிறார் பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன், 1879இல் இறந்தவர். அவர் இலங்கையில் எடுத்த படங்கள் உலகத்து அருங்காட்சியகங்களின் தளங்களில் இருக்கின்றன. எடுத்தவரின் பெயர், ஆண்டு, அளவு எல்லாம் தெளிவாக. படத்துக்குள் நிற்பவர்களில் பெரும்பாலோருக்குத்தான் பெயர் இல்லை.

இதைச் சொன்னால் “பார்த்தாயா, அதனால்தான் இணையம் வேண்டாம் என்கிறோம்” என்று தாவுவீர்கள். கொழும்புக் காகிதத்தில் மட்டும் என் பாட்டியின் தாய் பெயரோடு, முகவரியோடு காத்திருக்கிறாரா? அந்த வெறுமையை நம் பிள்ளைகள் தாங்களே கண்ணால் பார்க்கட்டும் என்கிறேன். பார்த்தால்தான் வீட்டுப் பெட்டியில் இருக்கும் துண்டுக் காகிதத்தின் அருமை தெரியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதி வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று இந்த நாட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுப் பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தொடங்கியாயிற்று. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் நம்மவரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டதில் சித்தப்பா அந்தப் பக்கம், அப்பா இந்தப் பக்கம். எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறியபோது காகிதப் பெட்டி சித்தப்பாவோடு போனது. கோத்தகிரியில் ஒரு மழைக்காலத்தில் அது நனைந்து கூழாகிவிட்டது. இங்கே எஞ்சியது ஒரே ஒரு படம். வேலைநிறுத்தத்தின்போது பிரட்டுக்களத்தில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) அப்பா, கையில் கொடி, பின்னால் பதினொரு பேர். பின்பக்கத்தில் பன்னிரண்டு பெயரையும் அப்பா பென்சிலால் எழுதியிருந்தார்.

இருந்தார் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு சிறப்பு மலருக்கு என்று அந்தப் படத்தை வீட்டுக்கு வந்து, அம்மா கையால் தேநீர் குடித்து, “பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்” என்று வாங்கிப்போனவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. மலர் வந்தது. படம் அதில் ‘தொழிலாளர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லோடு இருந்தது. ‘கூலி’ என்று எழுதிய துரையாவது என் வீட்டில் தேநீர் குடிக்கவில்லை. அன்றைக்கு என்னிடம் படம்பிடிக்கும் தொலைபேசி இருந்திருந்தால் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.

இது தனிப்பட்ட கோபம் என்பார்கள். ஆம், தனிப்பட்ட கோபம்தான். அந்தப் பிள்ளை உட்கார்ந்தபோது அச்சுத்தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்ததை நான் பக்கத்து வரிசையிலிருந்து பார்த்தேன்.

ஐயா, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். மன்னிப்பு எதுவும் வேண்டாம். படத்தை ஓர் உறையில் போட்டு, காலை பஸ் நடத்துநரிடம் கொடுத்துவிட்டால் போதும், நான் சந்தியில் நின்று வாங்கிக்கொள்கிறேன். முன்பக்கத்தை மலரிலிருந்து வெட்டி வைத்திருக்கிறேன். எனக்குப் பின்பக்கம்தான் வேண்டும்.